ரெண்டு சட்டி அம்மா

அவருக்கு அழகான, நீளமான பெயர் ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வந்த கொஞ்ச நாளிலேயே ‘ரெண்டு சட்டி அம்மா’ ஆகிவிட்டார். காதுபடவே கூப்பிட்டோம், கோபித்துக்கொள்ளவில்லை. “ஒரு சட்டி அம்மான்னு சொல்லாத வரைக்கும் சரி” என்பார். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே அப்போது சிரித்து வைத்தோம். இப்போது தெரிகிறது, சொல்லத்தான் அவர் இல்லை.

ஆள் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. நாற்பதைத் தாண்டிய வயது, ஒல்லி உடம்பு, கஞ்சி போட்ட நூல்புடவை, மணிக்கட்டில் ஆண்பிள்ளைக் கடிகாரம். தோளில் ஒரு கித்தான் பை. அந்தப் பையின் வாரில் பித்தளை டம்ளர் ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். அந்தக் காலத்துக் கனத்த டம்ளர். நடக்கும்போது அது அக்குளில் இடுக்கிய குடையின் கம்பியில் மோதிச் சத்தம் போடும். தெருக்கோடியில் சத்தம் கேட்டதுமே பெண்கள், இன்றைக்கு எதைச் சோதிக்கப் போகிறாரோ என்று அடுப்படியை ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

சென்னையில் ஏதோ ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை. அங்கே என்னதான் ஆராய்கிறார்கள் என்பது எங்கள் ஊருக்குப் பெரிய புதிராக இருந்தது. மருந்து கண்டுபிடிப்பதில்லை, விதை கண்டுபிடிப்பதில்லை. என் மாமியார் நேரடியாகவே கேட்டுவிட்டார். அரசாங்கம் ஊருக்கு ஒன்றைச் செய்யும் முன்னால், செய்தால் பலன் உண்டா இல்லையா என்று போய்ப் பார்த்துச் சொல்வதுதான் வேலை, கம்பெனிக்காரர்கள் கேட்டால் அவர்களுக்கும் சொல்வோம் என்று இவர் விளக்கினார்.

“பாத்துச் சொல்றதுக்கு ஒரு ஆபீசுங்களா?” என்றார் மாமியார்.

“ஆமாம்மா. இல்லாட்டி பாக்காமயே சொல்லிருவாங்க.”

எங்கள் ஊர் சித்தேரி மலைக்குக் கீழே, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பஸ் இறங்கி நடக்கிற தூரத்தில் இருக்கிறது. நான் கல்யாணமாகிப் போன புதிது. எழுபதுகளின் ஆரம்பம், மழை பொய்த்துப்போன வருஷம். ஊருக்குக் குடிக்கிற தண்ணீர் என்றால் ஓடைக்கிணறுதான். அதன் தண்ணீர் அப்படி ருசிக்கும். ஆனால் மாசி பிறந்தால் உள்ளே உள்ளே போய்விடும். கடைசிக் கல்படிக்கும் கீழே, வெறும் பாறையில் காலை ஊன்றி இறங்கிச் சுரண்டி மொள்ள வேண்டும். முந்தின கோடையில் ஒருத்தி அங்கே வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிந்து, அப்புறம் நிமிர்ந்து நடக்கவேயில்லை. நான் தலைப்பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு அந்தப் பாறையில்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் மாதாவை நினைத்துக்கொண்டே காலை வைப்பேன்.

கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டிக் கொடுங்கள் என்று பஞ்சாயத்து யூனியனில் கேட்டோம். கிடையாது என்றுவிட்டார்கள். உங்களுக்குத்தான் பம்பு போட்டாயிற்றே என்றார்கள்.

போட்டது உண்மை. பஞ்சாயத்து ரேடியோ மேடைக்குப் பக்கத்தில் லாரியில் எந்திரம் கொண்டுவந்து துளை போட்டு, அடிபம்பு வைத்துக் கொடுத்தார்கள். தண்ணீரும் குறையில்லாமல் வந்தது. ஆனால் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோறு மஞ்சளடிக்கும். காபி போட்டால் மேலே ஒரு படலம் மிதக்கும். குடித்தால் தாகம் போனதுபோலவே இருக்காது. மாட்டுக்கும் துணி துவைக்கவும் வைத்துக்கொண்டு, வாய்க்கும் வயிற்றுக்கும் நாங்கள் ஓடைக்கிணற்றுக்கே நடந்தோம்.

இதை ஏன் யூனியனில் சொல்லவில்லை என்றுதானே கேட்பீர்கள்? அங்கேதான் எங்கள் ஊரின் லட்சணம் இருக்கிறது.

அதற்கு முந்தின வருஷம் ஒரு பையன் வந்தான். சட்டைப்பையில் பேனா, கையில் அச்சடித்த தாள், நல்ல வெயிலில் நடந்து முகமெல்லாம் கன்றிப்போயிருந்தது. வீடு வீடாகப் போய், பம்புத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டான். எங்கள் பக்கத்தில், வாசலுக்கு வந்தவர்களிடம் குறை சொல்லிப் பழக்கமில்லை. யாரோ பெற்ற பிள்ளை, பம்பு போட்டுக் கொடுத்த ஆபீசிலிருந்து வந்திருக்கிறான், அவன் முகத்துக்கு நேரே நல்லா இல்லை என்றா சொல்வது? “நல்லா இருக்குதுங்க” என்றார் என் மாமியார். அடுத்த வீட்டிலும் நல்லா இருக்குதுங்க. ஊர் முழுக்க நல்லா இருக்குதுங்க. கேட்ட வீட்டிலெல்லாம் அவனுக்கு மோர் வேறு கொடுத்தார்கள். பம்புத் தண்ணீரில் கலக்கினால் பிள்ளைக்கு நெஞ்சைக் கரிக்குமே என்று, ஓடைக்கிணற்றுத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள். அவன் குடித்துவிட்டு, உங்கள் ஊர்த் தண்ணீரே தனி ருசி என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தத் தாளை வைத்துத்தான் எங்கள் கிணற்றுக்குக் கிடையாது என்றார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது.

ரெண்டு சட்டி அம்மா வந்தது அதற்குப் பிறகு. இந்த மாதிரிப் பம்புகளை இன்னும் நிறைய ஊர்களுக்குப் போடலாமா, போட்டால் எப்படிப் போடலாம் என்று அரசாங்கத்துக்குச் சொல்வதற்காக அவரை அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டு முன்னறையில் தங்கினார். எங்கள் ஊருக்கு வருகிற அதிகாரிகள் முதலில் உட்கார நாற்காலி தேடுவார்கள். இவர் டம்ளரை அவிழ்த்து நீட்டித் தண்ணீர் கேட்டார். மாமியார் எனக்குக் கண்ணைக் காட்ட, நான் ஓடைக்கிணற்றுக் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தேன். இது பம்புத் தண்ணீரா என்று கேட்டார். ஆமாங்க என்றார் மாமியார், கண் இமைக்காமல். நல்லா இருக்கா என்று கேட்டார். நல்லா இருக்குதுங்க.

மறுநாள் விடியும்போதே எழுந்துபோய், பம்புக்கு எதிரே ரேடியோ மேடையில் உட்கார்ந்துகொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. யார் வருகிறார்கள், எந்தக் குடத்தோடு வருகிறார்கள், எங்கே கொண்டுபோகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். குளிக்க ஒரு கூட்டம் வந்தது, மாட்டுக்கு ஒரு கூட்டம் வந்தது. பளபளவென்று தேய்த்த குடம் ஒன்றுகூட வரவில்லை. அந்தக் குடமெல்லாம் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டு ஓடைப் பக்கம் வந்தார். நான் அப்போது பாறையிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தேன். என் வயிற்றைப் பார்த்தார், கீழே எட்டிப் பார்த்தார். கையை நீட்டிக் குடத்தை வாங்கிக்கொண்டார். வீடு வரைக்கும் அவரே தூக்கி வந்தார். இடுப்பில் வைக்கத் தெரியாமல் வழியெல்லாம் பாதித் தண்ணீர் புடவையில்தான் கொட்டியது.

வந்ததும் மாமியாரிடம் டம்ளரை நீட்டி, எனக்குப் பம்புத் தண்ணி குடுங்க என்றார். மாமியார் வாங்க மறுத்துவிட்டார்.

“வந்தவங்களுக்கு அதக் குடுக்கறதுங்களா? நாளைக்கு உங்க ஊர்ல போயி எங்களப் பத்தி என்னன்னு சொல்லுவீங்க?”

“அதச் சொல்றதுக்குத்தாம்மா எனக்குச் சம்பளம்.”

மாமியார் அசையவில்லை. இவரே போய்ப் பம்பை அடித்துக் குடித்துவிட்டு வந்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அப்போதுதான் எனக்கு வாய் சும்மா இருக்காமல், அதுல பருப்பு வேகாதுங்க என்று சொல்லிவிட்டேன். ஊரில் முதல்முதலாக உண்மையைச் சொன்னவள் நான். சபாஷ் என்று முதுகில் தட்டுவார் என்று பார்த்தால், “அப்படியா? ரெண்டு சட்டி வச்சுப் பாத்துருவோம்” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொய் சொன்ன மாமியாரையும் நம்பவில்லை, மெய் சொன்ன என்னையும் நம்பவில்லை, இது என்ன பெண்பிள்ளை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

ஒரே மாதிரி இரண்டு மண்சட்டி. எங்கள் காட்டுத் துவரையை உடைத்த பருப்பு, இரண்டுக்கும் ஒரே அளவு. ஒன்றில் பம்புத் தண்ணீர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர்ச் சட்டியில் பருப்பு மலர்ந்து கரைந்துவிட்டது. இன்னொன்றில் சரளைக்கல் மாதிரி அடியில் கிடந்தது. போதுமே என்றேன். போதாதாம். இடது பக்க அடுப்பு நன்றாக எரிகிறது, அதனால்கூட இருக்கலாமே என்று சட்டிகளை இடம் மாற்றி மறுபடியும் வைக்கச் சொன்னார். அப்புறம் உங்கள் வீட்டுப் பருப்பில் கோளாறு என்று யாராவது சொல்வார்கள் என்று அடுத்தடுத்த வீடுகளிலும் வைக்கச் சொன்னார். அந்த வாரம் எங்கள் ஊரே வேகாத பருப்பைத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தது. பெயர் வைத்தது அப்போதுதான்.

அவருக்கு இது வேலை மட்டும் இல்லை, சுபாவமே அதுதான். மலைப்புளிதான் புளிப்பு, கீழே காய்க்கிற புளி சப்பை என்று மாமியார் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். விடவில்லை. இரண்டு சட்டியில் ரசம் வைக்கச் செய்து, எது எந்தப் புளி என்று சொல்லாமல் குடிக்கக் கொடுத்தார். மாமியார் கீழ்ப்புளியைக் காட்டி இதுதான் மலைப்புளி என்று அடித்துச் சொல்லிவிட்டு, அப்புறம் பொழுதுக்கும் யாரோடும் பேசவில்லை. இப்படி மனுஷர்களைச் சங்கடப்படுத்துவது அவருக்குக் கொஞ்சமும் உறைக்காது. சில சமயம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் தான் சொன்னதையும் அதே மாதிரி சட்டியில் வைத்துப் பார்ப்பார், தோற்றால் எங்களைவிட அதிகமாகச் சிரிப்பார். அதனால் ரொம்ப நேரம் கோபித்துக்கொண்டிருக்க முடியாது.

யூனியன் கூட்டத்தன்று எங்களை வண்டி கட்டி அழைத்துப் போனார். மாமியார், நான், வண்டி ஓட்ட என் வீட்டுக்காரர். வண்டியில் இரண்டு குடம் தண்ணீர், பருப்பு, விறகு, சட்டி. யூனியன் ஆபீஸ் தாழ்வாரத்தில் கல்லைக் கூட்டி இரண்டு சட்டியிலும் பருப்பு வேகவைத்தோம். உள்ளே கூட்டத்துக்கு வந்தவர்கள் இது என்ன கூத்து என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, ஆனால் அந்தப் பாறையை நினைத்துக்கொண்டு புகையில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குக் கிடையாது என்றால், அந்தக் கோடையிலும் நான் அதில்தான் இறங்க வேண்டும்.

யூனியன் கமிஷனர் நல்ல மனுஷர். வெளியே வந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, பழைய தாளைக் காட்டி, ஊரே நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறதே அம்மா, நான் எதை நம்புவது என்றார். நியாயமான கேள்விதான். அடுப்புப் பக்கத்தில் இருந்த என் மாமியாரிடம் திரும்பினார்.

“நீங்களே சொல்லுங்கம்மா. பம்புத் தண்ணி எப்படி இருக்கு?”

மாமியார் எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கையைக் கூப்பினார்.

“நல்லா இருக்குதுங்க.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. என் வீட்டுக்காரர் வண்டிமாட்டைப் பார்க்கிறவர் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கமிஷனர் கையை விரித்தார். எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன்.

ரெண்டு சட்டி அம்மா மட்டும் முகம் மாறவில்லை. சரிங்க சார், வந்தது வந்துட்டீங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க என்றார். மாமியார் ஓர் இலையைத் துடைத்துப் போட்டு, கிணற்றுத் தண்ணீர்ச் சட்டியிலிருந்து ஒரு கரண்டி பருப்பு எடுத்து வைத்தார். எந்தச் சட்டி என்று யாரும் சொல்லவில்லை, அவர் கை தானாக அந்தச் சட்டிக்குத்தான் போயிற்று.

“அந்தச் சட்டியிலிருந்தும் வைங்கம்மா” என்றார் இவர், மெதுவாக.

மாமியார் கரண்டியை அந்தச் சட்டிக்குள் விட்டார். பாதியில் கை நின்றுவிட்டது. கமிஷனரைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார்.

“அது வேண்டாங்க சாமி. அத நாங்க தின்னுக்கறோம்.”

கமிஷனர் இலைக்கு முன்னால் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. ரெண்டு சட்டி அம்மா ஒரு வார்த்தைகூட வெற்றி பெற்றவர் மாதிரிப் பேசவில்லை. “சார், இவங்க பொய் சொல்லல. நாமதான் தப்பாக் கேட்டுட்டோம்” என்றார். கமிஷனர் தானே எட்டி அந்தச் சட்டியிலிருந்து பருப்பை எடுத்து வாயில் போட்டு மென்றார். அந்தக் கடக் முடக் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

கிணற்று வேலை உடனே ஆரம்பித்தது. பாறைக்கு வெடி வைத்து ஆழப்படுத்தி, அடிவரைக்கும் படி கட்டி, ஒரு பக்கம் கைப்பிடியும் வைத்தார்கள். கைப்பிடி வேண்டுமென்று எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். சித்திரை முடிவதற்குள் தண்ணீர் ஊறிவிட்டது. வைகாசியில் என் மகன் நல்லபடியாகப் பிறந்தான். அந்தப் படியில் இறங்கும்போதெல்லாம், கைப்பிடியைப் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும், நான் அவரை நினைத்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பம்பைப் பிடுங்கச் சொல்லவில்லை அவர். மாட்டுக்கும் துணி துவைக்கவும் ஆகட்டும் என்று அதை அங்கேயே விடச் சொன்னார். அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தார். அடுத்த ஊர்களுக்குப் போகிற தாளில், தண்ணீர் எப்படி இருக்கிறது என்ற கேள்வியை அடித்துவிட்டு, வீட்டுக்கு வந்தவர்களுக்கு எந்தத் தண்ணீர் கொடுப்பீர்கள் என்று மாற்றி எழுதவைத்தார். அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் யாருக்கும் பொய் சொல்ல வராது. பல ஊர்களில் எங்கே துளை போடுவது, எங்கே கிணறு வெட்டுவது என்பதையெல்லாம் அப்புறம் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் முடிவு செய்தார்களாம். இதை அவர் சொன்னபோது என் மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. கேள்வியே தன்னுடையது என்கிற மாதிரி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அவர் ஊருக்குப் போகும்போது மொரப்பூரில் ரயில் ஏற்றிவிட என் வீட்டுக்காரர் கூடப் போனார். ரயிலிலிருந்து இறங்கும் கூட்டத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்கு ஆசை வந்துவிட்டது, ஸ்டேஷன் வாசலில் டீக்கடை போட்டால் என்ன என்று. அந்த அம்மாவிடமே யோசனை கேட்டிருக்கிறார். கேட்காமல் இருந்திருக்கலாம். கடை கட்டாதீங்க, தள்ளுவண்டியில அடுப்ப வச்சி கொஞ்ச நாள் வாசல்ல நில்லுங்க, கொஞ்ச நாள் பஸ் நிக்கற புளியமரத்தடியில நில்லுங்க என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார். அப்படியே செய்து பார்த்ததில்தான் தெரிந்தது, ரயில் இறங்குகிறவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான், டீயைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன்தான் குடிக்கிறான். புளியமரத்தடியில் கடை போட்டோம். எங்கள் பிள்ளைகள் படித்தது அந்த மரத்தடிக் கடை வருமானத்தில்தான்.

மொரப்பூர்த் தண்ணீரில் டீ எங்களுக்குத் திருப்தியாக வரவில்லை. காலை முதல் பஸ்ஸில் ஊரிலிருந்து பால் கேனோடு ஓடைக்கிணற்றுத் தண்ணீரும் ஒரு கேன் வரும். பாலையும் தண்ணீரையும் தனித்தனியாகக் கொண்டுவந்து காட்டுகிற ஒரே டீக்கடை இதுதான் என்று பஸ் கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். அவ்வப்போது வேலையாக அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ரெண்டு சட்டி அம்மா கடையில் இறங்காமல் போனதில்லை. டீயைக் குடித்துவிட்டு, தூள் பழசு, அடுப்பு மந்தம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போவார். ஒரு தடவையாவது நல்லா இருக்கு என்று அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

எழுபதுகள் முடிகிற சமயம், ஒருநாள் மத்தியானம் வந்தார். நோய் தீர்க்கும் தீர்த்தம் என்று ஜனங்கள் போய்க் குளிக்கிற தீர்த்தமலைக் கோயிலுக்குப் போவதாகச் சொன்னார். சாமி கும்பிடுகிறவர் இல்லை என்பதால் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உடன் வந்த அவருடைய தங்கை பஸ் நேரம் விசாரிக்கப் போயிருந்தார். இவர் பெஞ்சில் உட்கார்ந்தார். டீயைக் கொஞ்சம் குடித்துவிட்டு வைத்துவிட்டார். குறை ஒன்றும் சொல்லவில்லை.

“உடம்பு எப்பிடிங்க இருக்குது?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்குதுங்க” என்றார்.

எங்கள் ஊர் ராகத்திலேயே சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தபடி, பதிலை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தேன். கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரைக்கும் ஓடியது. கித்தான் பையைப் பார்த்தேன். வாரில் கயிறு இருந்தது, டம்ளர் இல்லை.

“டம்ளர் எங்கீங்க?”

அவர் அந்தக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டார்.

“கனமா இருக்கு” என்றார்.

நான் உள்ளே போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வீட்டுக்கென்று மூடி வைத்திருந்த பானையைத் திறந்து, எங்கள் பித்தளை டம்ளரில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து நீட்டினேன். வாங்காமல் ஏறிட்டுப் பார்த்தார். பழைய குறும்பு அந்தக் கண்ணில் அப்படியே இருந்தது.

“இது எந்தத் தண்ணி?”

“வந்தவங்களுக்குக் குடுக்கறதுங்க.”

இரண்டு கையாலும் பிடித்து, டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். நான் அடியில் என் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.